அப்பச்சியின் பித்தப்பை அறுவை கடினமாக இருக்கும் என்கிறார்கள்: உள்ளே பார்க்காமலே அதை எப்படிக் கணிக்கிறார்கள்?

பள்ளத்தூர் மகள் (திங்கள், காலை)

அனைவருக்கும் வணக்கம். என் அப்பச்சிக்கு (அப்பாவுக்கு) 63 வயது. பதினான்கு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உண்டு. சென்ற ஆவணியில் வலது விலாவுக்குக் கீழே வலியும் குளிர்காய்ச்சலும் வந்து, காரைக்குடியில் ஒரு மருத்துவமனையில் ஐந்து நாள் படுத்திருந்தார். பித்தப்பையில் கல் இருக்கிறது, அழற்சி கண்டிருக்கிறது என்று சொல்லி, ஊசி மருந்திலேயே குணப்படுத்தி அனுப்பினார்கள். ஆறு வாரம் கழித்து வந்து பித்தப்பையை எடுத்துவிட வேண்டும் என்றும் சொன்னார்கள். அதற்குள் தம்பியின் திருமண வேலை வந்துவிட்டது. வலியும் இல்லாததால் நாங்கள் போகவில்லை. தை மாதத்தில் இரண்டு முறை மறுபடியும் வலி வந்தது. இரண்டு முறையும் வீட்டிலேயே மாத்திரை போட்டுச் சமாளித்தோம்.

இப்போது எடுத்த ஸ்கேனில் பித்தப்பையின் சுவர் 5 மி.மீ. தடித்திருப்பதாகவும், அதன் கழுத்தில் 18 மி.மீ. கல் ஒன்று சிக்கியிருப்பதாகவும், பொதுப் பித்தநாளம் (குடலுக்குப் பித்தம் கொண்டுபோகும் முதன்மைக் குழாய்) 5 மி.மீ. அளவில் இயல்பாக இருப்பதாகவும், பையைச் சுற்றி நீர் தேங்கவில்லை என்றும் எழுதியிருக்கிறார்கள். பி.எம்.ஐ. (உயரத்துக்கேற்ற எடையின் குறியீடு) 26. இளவயதில் குடல்வால் அறுவை நடந்த தழும்பு அடிவயிற்றில் இருக்கிறது.

அறுவை மருத்துவர், "லேப்ராஸ்கோப்பியில்தான், அதாவது சிறு துளைகள் வழியே கேமரா விட்டுத்தான் தொடங்குவேன், ஆனால் இது கடினமாக இருக்கும் என்று நினைக்கிறேன், வயிற்றைத் திறக்கவும் நேரலாம்" என்று சொல்லி ஒப்புதல் படிவத்தை நீட்டினார். அப்பச்சி அன்று மாலையிலிருந்து முகப்புத் திண்ணையில் யாரோடும் பேசாமல் உட்கார்ந்திருக்கிறார். எங்கள் வளவில் (கூட்டு வீட்டில்) ஒரு அண்ணமிண்டி (அண்ணன் மனைவி) இதே அறுவை முடிந்து மறுநாளே வீடு திரும்பினார்களே, இவருக்கு மட்டும் ஏன் இப்படி என்பதுதான் வீட்டில் எல்லோருடைய கேள்வியும். உள்ளே கருவியை விட்டுப் பார்ப்பதற்கு முன்பே கடினம் என்று எப்படிச் சொல்ல முடிகிறது? இது அனுபவத்தில் எழுந்த ஊகமா, அளந்து சொல்லும் கணிப்பா? தெரிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

தேவகோட்டை அறுவை மருத்துவர் (திங்கள், இரவு)

அம்மா, உங்கள் மருத்துவர் முன்கூட்டியே சொன்னதை முதலில் நல்ல அறிகுறியாக எடுத்துக்கொள்ளுங்கள். கடினத்தை எதிர்பார்த்து உள்ளே போகிறவரின் கை நிதானமாக நகரும்.

நீங்கள் எழுதியிருக்கும் விவரங்களிலேயே கணிப்பு முழுவதும் இருக்கிறது. நம் நாட்டிலேயே உருவான மதிப்பெண் முறை ஒன்று உண்டு. ரந்தாவா, புஜாஹரி என்ற இரு மருத்துவர்கள் 228 நோயாளிகளை ஆராய்ந்து 2009இல் வெளியிட்டது. வயது 50க்கு மேல் என்றால் 1, ஆண் என்றால் 1, பித்தப்பை அழற்சிக்காக மருத்துவமனையில் படுத்திருந்தால் 4, பி.எம்.ஐ. 25க்கும் 27.5க்கும் இடையில் இருந்தால் 1, அதற்கும் மேல் என்றால் 2. தொப்புளுக்குக் கீழே பழைய தழும்பு இருந்தால் 1, மேலே இருந்தால் 2. பித்தப்பை கைக்குத் தட்டுப்பட்டால் 1. ஸ்கேனில் சுவர் 4 மி.மீ. அல்லது அதற்கு மேல் என்றால் 2, பையைச் சுற்றி நீர் இருந்தால் 1, கல் சிக்கியிருந்தால் 1. மொத்தம் 15. ஐந்து வரை எளிது, ஆறிலிருந்து பத்து வரை கடினம், அதற்கு மேல் மிகவும் கடினம் என்று பிரித்தார்கள். உங்கள் அப்பச்சிக்கு வயது, ஆண், எடை, தழும்பு ஆகியவற்றுக்கு நான்கு, மருத்துவமனையில் படுத்ததற்கு நான்கு, சுவருக்கு இரண்டு, கல்லுக்கு ஒன்று என்று கூட்டினால் 11 வருகிறது.

ஆனால் அந்த எண்ணை அப்படியே நெஞ்சில் சுமக்க வேண்டாம். குடல்வால் தழும்புக்கு விழும் அந்த ஒரு மதிப்பெண்தான் அவரைப் பத்திலிருந்து பதினொன்றுக்குத் தள்ளுகிறது. அடிவயிற்றின் வலப்பக்க ஓரத்தில் இருக்கும் சிறிய தழும்பு, மேலே கல்லீரலுக்கு அடியில் நாங்கள் செய்யும் வேலைக்குப் பெரும்பாலும் குறுக்கே வருவதில்லை. குடல்புண் வெடித்து மேல்வயிற்றில் நடுக்கோட்டில் திறந்து மூடிய தழும்பு என்றால் அது வேறு. அங்கே துளையிடும் கருவியான டிரோக்காரை முதலில் செலுத்தும்போதே குடல் ஒட்டியிருக்குமோ என்ற அச்சம் உண்டு. காகிதத்தில் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு ஒரே ஒரு மதிப்பெண்தான், வயிற்றுக்குள் அந்த வேறுபாடு மிகப் பெரிது.

பட்டியலில் உண்மையான எடை எங்கே இருக்கிறது என்று பாருங்கள். தனியாக நான்கு மதிப்பெண் பெறுவது, அழற்சிக்காகப் படுத்திருந்தது ஒன்றுதான். ஒவ்வொரு அழற்சியும் ஆறும்போது வடு விட்டுவிட்டே ஆறுகிறது. வயிற்றுக்குள் தொங்கும் கொழுப்புத் திரை வந்து பித்தப்பையைப் போர்த்தி ஒட்டிக்கொள்கிறது. சில வேளை முன்சிறுகுடலும் ஒட்டும். எல்லாவற்றையும் விட முக்கியமானது, பித்தப்பைக் குழாய், பொதுக் கல்லீரல் நாளம், கல்லீரலின் அடிப்புறம் ஆகிய மூன்றும் சூழ்ந்த சிறு முக்கோணம். நல்ல நிலையில் அங்கே இருப்பது மஞ்சள் கொழுப்பு, கருவியால் தொட்டாலே விலகும். பலமுறை அழற்சி கண்டவரிடத்தில் அதே இடம் வெளுத்து, தோல்வாரைப் போல இறுகிச் சுருங்கிக் கிடக்கும். அந்தச் சுருக்கத்தில் பொதுப் பித்தநாளமே பித்தப்பையின் பக்கமாக இழுக்கப்பட்டு, பித்தப்பைக் குழாயைப் போலத் தோற்றமளிக்கும். எங்களுக்கு அச்சம் தரும் இடம் அதுதான்.

கானாடுகாத்தான் ஆசிரியை, ஓய்வு (செவ்வாய், காலை)

ஆத்தா, நீ எழுதியதைப் படித்ததும் எனக்கு 2011ஆம் ஆண்டு கண்முன் வந்து நின்றது. எனக்கும் இதே அறுவைதான் நடந்தது. "நான்கு சிறு துளைகள், முக்கால் மணி நேரம், மறுநாள் வீடு" என்று சொல்லி அழைத்துப் போனார்கள். எங்கள் பக்கத்தில் எல்லோரும் அதை லேசர் ஆபரேஷன் என்றுதான் சொல்வோம், அதில் லேசர் எதுவும் இல்லை என்பதும் எனக்குப் பிறகுதான் தெரியும். அதற்கு முன் எனக்கு மூன்று முறை காய்ச்சலோடு வலி வந்திருந்தது. ஒருவரும் அதைக் கேட்கவில்லை, கேட்காததால் நானும் சொல்லவில்லை.

முக்கால் மணி நேரம் மூன்றரை மணி நேரம் ஆனது. வெளியே மரப்பெஞ்சில் என் கணவரும் மகனும் உட்கார்ந்திருந்தார்கள், இடையில் ஒருவரும் வந்து ஒரு சொல் சொல்லவில்லை. நான் கண்விழித்துக் கையை வைத்துப் பார்த்தபோது விலாவுக்குக் கீழே ஒரு சாண் நீளத்துக்குக் கட்டு இருந்தது. கையில் ஏதோ தவறிவிட்டது, அதை மறைக்கிறார்கள் என்றே ஒரு வருடம் நம்பிக்கொண்டிருந்தேன். பிறகு வேறொரு மருத்துவர் என் டிஸ்சார்ஜ் சீட்டைப் படித்துவிட்டு, "அன்று திறந்தது உங்கள் பித்தநாளத்தைக் காப்பாற்றுவதற்காக, அது சரியான முடிவு" என்று விளக்கினார். செய்தது சரியாகவே இருந்திருக்கிறது. சொல்லாமல் செய்ததில்தான் எனக்கு ஒரு வருடம் போயிற்று. உன் அப்பச்சிக்கு முன்னாலேயே சொல்லிவிட்டார்கள் என்பது எனக்கு நிம்மதியாக இருக்கிறது.

காரைக்குடி ஸ்கேன் மருத்துவர் (செவ்வாய், மதியம்)

கணிப்பில் என் பங்கு ஸ்கேன் அறிக்கையில் இருப்பதால் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன். "சுவர் 5 மி.மீ." என்ற அளவு எப்படி எடுக்கப்பட்டது என்பது மிக முக்கியம். சுவர் 3 மி.மீ. வரை இயல்பு. ஆனால் காலையில் இரண்டு இட்லியும் காப்பியும் சாப்பிட்டுவிட்டு வருகிறவரின் பித்தப்பை சுருங்கியிருக்கும், சுருங்கிய பையின் சுவர் நோய் இல்லாமலேயே தடித்துத் தெரியும். அதனால்தான் குறைந்தது ஆறு மணி நேரம் வெறும் வயிற்றோடு வரச் சொல்கிறோம். வெகுதூரத்திலிருந்து பேருந்தில் வந்தவர்களைத் திருப்பி அனுப்ப மனம் வராமல் சாப்பிட்ட வயிற்றிலேயே பார்த்துவிடுவதும் உண்டு. அந்த அளவை வைத்துக் கணக்குப் போட்டால் கணக்குத் தவறிவிடும். கல்லீரல் சுருக்க நோயிலும், இரத்தத்தில் அல்புமின் என்ற புரதம் குறைந்தாலும், டெங்கு காய்ச்சலிலும்கூடச் சுவர் வீங்கும். அவை கல்லால் வந்த தடிப்பு ஆகா.

கல் சிக்கியிருக்கிறதா என்பதை மல்லாந்து படுத்த நிலையில் மட்டும் பார்த்துச் சொல்லக் கூடாது. இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்க வைத்து, பிறகு எழுந்து உட்கார வைத்துப் பார்க்க வேண்டும். உருளும் கல் பையின் அடிக்குப் போகும், சிக்கிய கல் கழுத்திலேயே நிற்கும். உங்கள் அறிக்கையில் "இடம் மாறவில்லை" என்ற குறிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அறுவைக்கு முன் ஒரு முறை வெறும் வயிற்றில் மீண்டும் பார்க்கச் சொல்லிக் கேட்பதில் தவறில்லை. கழுத்தில் சிக்கிய பெரிய கல் பக்கத்து நாளத்தை அழுத்தினாலோ அரித்துக்கொண்டு அதற்குள் நுழைந்தாலோ அதை மிரிசி நோய்க்கூறு என்போம். மஞ்சள் காமாலை, நாளம் விரிவடைதல், இரத்தத்தில் ஆல்கலைன் பாஸ்படேஸ் என்ற நொதி உயர்தல் ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால் பித்தநாளங்களைக் காட்டும் எம்.ஆர்.சி.பி. என்ற எம்.ஆர்.ஐ. படம் எடுத்துத் தெளிவுபடுத்திக்கொண்டுதான் அறுவைக்குப் போக வேண்டும்.

பள்ளத்தூர் மகள் (செவ்வாய், இரவு)

ஆச்சி, நீங்கள் எழுதியதை அப்பச்சிக்கு வாசித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டுவிட்டு, "அந்த ஆசிரியை இப்போது நன்றாக இருக்கிறாரா?" என்று கேட்டார். இரண்டு நாளில் அவர் கேட்ட முதல் கேள்வி அது.

ஸ்கேன் அறிக்கையில் இடம் மாறவில்லை என்ற குறிப்பு இருக்கிறது. வெறும் வயிற்றில்தான் எடுத்தோம். காமாலை இல்லை, இரத்தப் பரிசோதனையும் சரியாக இருக்கிறது.

மருத்துவர் ஐயாவிடம் இரண்டு கேள்விகள். கடினம் என்று தெரிந்த பிறகும் ஏன் துளை வழியாகவே தொடங்க வேண்டும், நேரடியாகத் திறந்துவிடலாமே என்று என் சித்தப்பா கேட்கிறார். இன்னும் சில மாதம் மருந்து கொடுத்து உள்ளே நன்றாக ஆற விட்டால் எளிதாகிவிடாதா என்பது ஆத்தாவின் (என் அம்மாவின்) கேள்வி.

தேவகோட்டை அறுவை மருத்துவர் (புதன், காலை)

இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், அதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். பித்தப்பை ஆறும் என்று காத்திருப்பது, கல் உள்ளே இருக்கும் வரை, அடுத்த அழற்சிக்காகக் காத்திருப்பதுதான். முதல் வலி வந்து மூன்று நாளுக்குள், அதிகம் போனால் ஒரு வாரத்துக்குள், உடல்நிலை இடம் கொடுத்தால் அறுவை செய்துவிடுவது நல்லது என்பதே இன்றைய நிலை. பித்தப்பை அழற்சிக்கான 2018ஆம் ஆண்டின் டோக்கியோ வழிகாட்டுதலும் தகுந்தவர்களுக்கு விரைந்து செய்வதையே சொல்கிறது. அந்த முதல் நாட்களில் திசு நீர் கோத்து ஊறியிருக்கும், அந்த வீக்கமே திசுக்களைப் பிரித்தெடுக்க உதவும். இரண்டாவது வாரத்திலிருந்து சில வாரங்கள் வரை அது இரத்தம் கசியும், பிசுபிசுத்து ஒட்டும். அதன் பிறகு இறுகி வடுவாகும். உங்கள் அப்பச்சி ஆவணியில் கடந்த வாய்ப்பு திரும்ப வராது, அதற்காக யாரையும் குறை சொல்லவும் வேண்டாம். தை மாத வலிகளும் கணக்கில் உண்டு. மருத்துவமனைக்குப் போகாததால் சீட்டு இல்லை, மதிப்பெண்ணும் இல்லை, ஆனால் வடு இருக்கும். அவற்றை உங்கள் மருத்துவரிடம் சொன்னீர்களா? சொல்லவில்லை என்றால் நாளையே சொல்லுங்கள். எத்தனை முறை வலித்தது, எத்தனை மணி நேரம் நீடித்தது, காய்ச்சல் இருந்ததா என்ற மூன்றையும் எந்த ஸ்கேனும் எங்களுக்குச் சொல்லாது.

இனி உங்கள் சித்தப்பாவின் கேள்வி. எரிச் மூஹே என்ற ஜெர்மானியர் 1985இல் முதன்முதலாகத் துளை வழியே பித்தப்பையை எடுத்தபோது அவருடைய நாட்டு மருத்துவர்களே அதை ஏற்கவில்லை. மும்பையில் டெஹெம்டன் உத்வாடியா 1990இல் செய்த பிறகு நம் நாட்டில் அது வேகமாகப் பரவியது. அதற்கு முன் படித்தவர்களுக்குத் திறந்த அறுவை அன்றாட வேலை. இன்றைய இளம் மருத்துவர்கள் பலர் திறந்த முறையில் கடினமான பித்தப்பையை எடுத்தது மிகச் சில முறையே. மேலும், வயிற்றைத் திறந்துவிட்டால் அந்த இறுகிய முக்கோணம் தளர்ந்துவிடுவதில்லை. திறந்தாலும் அதே வடுதான், அதே நாளந்தான். எனவே கேமராவின் பெரிதாக்கிய காட்சியில் தொடங்கிப் பார்த்துவிட்டு, முன்னேற முடியாதபோது வழியை மாற்றுவதே முறை.

வழியை மாற்றுவது என்றால் திறப்பது மட்டும் என்று நினைக்க வேண்டாம். எதையும் வெட்டுவதற்கு முன் மூன்று நிபந்தனைகள் நிறைவேற வேண்டும் என்று ஸ்ட்ராஸ்பெர்க் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர் 1995இல் வகுத்தார். அந்த முக்கோணத்திலிருந்து கொழுப்பும் வடுவும் முழுவதும் விலக்கப்பட்டிருக்க வேண்டும். பித்தப்பையின் கீழ் மூன்றில் ஒரு பங்கு கல்லீரலிலிருந்து பிரிக்கப்பட்டிருக்க வேண்டும். பித்தப்பைக்குள் செல்வன இரண்டே இரண்டு குழாய்கள் என்பது கண்ணுக்குத் தெரிய வேண்டும். இவை நிறைவேறவில்லை என்றால் கத்தரிக்கோல் அங்கே போகக் கூடாது. பித்தப்பையை மேலே திறந்து, கற்களையெல்லாம் எடுத்து, முக்கோணத்தை ஒட்டிய அடிப்பகுதியை மட்டும் அப்படியே விட்டுவிட்டு மற்றதை அகற்றலாம். இதைப் பகுதி அகற்றம் என்கிறோம். உள்ளே தேங்குவதை வெளியேற்ற வைக்கும் டிரெயின் குழாயில் சில நாள் பித்தம் வரலாம். பெரும்பாலும் தானாக நின்றுவிடும். பொதுப் பித்தநாளம் அறுபட்டால் வரும் வாழ்நாள் துன்பத்தோடு ஒப்பிட அது ஒன்றுமில்லை.

மதிப்பெண் முறையில் எனக்குள்ள குறையையும் இங்கே சொல்லிவிடுகிறேன். ஒரு மணி நேரத்துக்குள் முடிந்து பித்தம் சிந்தாமல் இருந்தால் எளிது, இரண்டு மணி நேரத்தைத் தாண்டினாலோ திறக்க நேர்ந்தாலோ மிகவும் கடினம் என்று அதில் வகுத்திருக்கிறார்கள். நேரம் செய்பவரின் கையைப் பொறுத்தது. சிந்திய பித்தத்தைக் கழுவிவிடலாம், அதனால் பெரிய தீங்கு இல்லை. நாங்கள் அஞ்சுவது பித்தநாளக் காயத்துக்கு. அது ஆயிரம் பேரில் மூன்று முதல் ஐந்து பேருக்கு நேர்கிறது, எளிது என்று கணிக்கப்பட்டவர்களுக்கும் நேர்கிறது. குறைந்த மதிப்பெண் வந்துவிட்டது என்று அந்த மூன்று நிபந்தனைகளில் ஒன்றைக்கூடத் தளர்த்த முடியாது. பிரிட்டனில் 8,800க்கும் மேற்பட்டவர்களைக் கொண்டு திறக்க நேரும் வாய்ப்பைக் கணிக்கும் இன்னொரு முறையை வகுத்தார்கள். அங்கே நூற்றில் மூன்று நான்கு பேருக்கே திறக்க நேர்ந்தது. அந்த முறையும் வயது, ஆண், சுவரின் தடிப்பு, நாளத்தின் அகலம், அறுவைக்கான காரணம், உடலின் பொதுத் தகுதி ஆகியவற்றைத்தான் பார்க்கிறது. எந்த முறையை எடுத்தாலும் அது சொல்வது, அன்றைக்கு எவ்வளவு ஆயத்தமாகப் போக வேண்டும் என்பதைத்தான்.

சிங்கப்பூர் வாசகர் (புதன், மாலை)

என் சொந்த ஊர் கோட்டையூர். மதிப்பெண் 11 என்றால் சென்னைக்குக் கொண்டுபோவதுதான் பாதுகாப்பு என்று எனக்குத் தோன்றுகிறது. தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

மயக்கவியல் மருத்துவர், சிவகங்கை (புதன், இரவு)

ஊரின் பெயரைவிட, அந்த அறுவை அரங்கில் என்ன இருக்கிறது என்பதைப் பாருங்கள். கடினமான பித்தப்பைகளைத் தொடர்ந்து செய்பவரா, அருகில் அழைத்தால் வரக்கூடிய இன்னொரு மூத்த அறுவை மருத்துவர் உண்டா, நாளத்தில் மருந்தேற்றிப் படம் எடுக்கும் வசதி உண்டா, பித்தம் கசிந்தால் இ.ஆர்.சி.பி. (வாய் வழியே குழாய் விட்டுப் பித்தநாளத்தைச் சரிசெய்யும் முறை) செய்ய எங்கே அனுப்புவார்கள், இரத்தம் ஆயத்தமாக இருக்குமா என்று கேளுங்கள். இவற்றுக்கு நேரான விடை கிடைத்தால் காரைக்குடியே போதும். மதுரையும் இரண்டு மணி நேரத் தொலைவில்தான் இருக்கிறது. காலையில் முதல் அறுவையாக வைக்கச் சொல்லுங்கள், மாலை நாலு மணிக்குக் களைத்த குழுவிடம் இதைக் கொடுக்கக் கூடாது.

என் துறையில் ஒன்று மட்டும். வயிற்றை உப்பவைக்கக் கரியமில வாயுவை 12 முதல் 15 மி.மீ. பாதரச அழுத்தத்தில் செலுத்துகிறோம், நேரம் நீள நீள இதயத்துக்கும் நுரையீரலுக்கும் சுமை கூடும். நீண்ட நேரம் ஆகும் என்ற கணிப்பு கையில் இருந்தால் இதயத்தைப் பார்க்கும் எக்கோவும் மூன்று மாதச் சர்க்கரை அளவும் முன்னரே பார்த்துக்கொள்வேன். நீண்ட நாள் சர்க்கரை உள்ளவர்களுக்கு வலி மந்தமாகத் தெரியும், உள்ளே பித்தப்பை அழுகியிருந்தாலும் "லேசாகத்தான் வலிக்கிறது" என்பார்கள். அப்பச்சி வலி குறைவு என்று சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பள்ளத்தூர் மகள் (பன்னிரண்டு நாள் கழித்து)

அறுவை முடிந்து அப்பச்சி வீட்டுக்கு வந்துவிட்டார். காரைக்குடியிலேயே செய்தோம். தை மாத வலிகளைப் பற்றிச் சொன்னதும் மருத்துவர் எழுதுவதை நிறுத்திவிட்டு, அவற்றின் நாளையும் நேரத்தையும் கேட்டுக் குறித்துக்கொண்டார். மதுரையிலிருந்து ஒரு மூத்த மருத்துவரை அன்றைக்கு வரச் சொல்லியிருந்தார். காலை ஏழரைக்கு உள்ளே போனார். ஒன்றரை மணி நேரம் ஆனதும் ஒரு செவிலியர் வெளியே வந்து, "கொழுப்புத் திரையைப் பிரித்துவிட்டார்கள், முக்கோணம் திறக்கவில்லை, பகுதி அகற்றம் செய்யப் போகிறார்கள், வயிற்றைத் திறக்கவில்லை" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தச் சொற்கள் எல்லாமே எங்களுக்குப் புரிந்தன. ஆத்தா என் கையைப் பிடித்திருந்த பிடி அப்போதுதான் தளர்ந்தது. மொத்தம் இரண்டு மணி இருபது நிமிடம். டிரெயினில் நான்கு நாள் பித்தம் வந்தது, ஆறாம் நாள் குழாயை எடுத்தார்கள். எடுத்த கல்லை ஒரு சிறு புட்டியில் போட்டுக் கொடுத்தார்கள், புளியங்கொட்டையைவிடப் பெரியது, கருப்பாக இருக்கிறது.

தேவகோட்டை அறுவை மருத்துவர் (அன்று இரவு)

மிக்க மகிழ்ச்சி. திசுப் பரிசோதனை அறிக்கையைத் தவறாமல் வாங்கிவிடுங்கள், தடித்த சுவர் உள்ள எந்தப் பித்தப்பையையும் நுண்ணோக்கியில் பார்க்காமல் விடக் கூடாது. டிஸ்சார்ஜ் சீட்டில் "பகுதி அகற்றம்" என்று தெளிவாக எழுதியிருக்கிறதா என்றும் பாருங்கள். வெறுமனே பித்தப்பை அகற்றப்பட்டது என்று எழுதியிருந்தால், ஐந்தாறு ஆண்டு கழித்து ஸ்கேன் செய்பவர் எஞ்சிய அடிப்பகுதியைப் பார்த்துக் குழம்புவார். அதில் மறுபடி கல் உண்டானால் அதை இனங்காணவும் அந்தக் குறிப்பு வேண்டும்.

பள்ளத்தூர் மகள் (மறுநாள், காலை)

சீட்டில் "பித்தப்பை அகற்றம்" என்று மட்டுமே இருந்தது ஐயா. இன்று காலை போய்த் திருத்தி எழுதி, முத்திரை வைத்து வாங்கி வந்துவிட்டேன். திசு அறிக்கை வியாழக்கிழமை வரும் என்றார்கள். இரண்டையும் ஆவணி மாதச் சீட்டோடு சேர்த்து ஒரே கோப்பில் வைத்திருக்கிறேன். தை மாத வலி வந்த இரண்டு நாட்களையும் ஒரு தாளில் அப்பச்சியே தன் கையால் எழுதி அதற்குள் வைத்திருக்கிறார்.